ஆராய்ச்சியும் அரசாணையும்



நீலகிரி மாவட்டத்தில், கூடலூரை அடுத்து, ஸ்ரீமதுரை என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டதும் உங்களுக்கு மீனாட்சியம்மையின் மதுரையே நினைவுக்கு வரும். இங்கே வைகையும் இல்லை, சித்திரைத் திருவிழாவும் இல்லை. உதகையின் குளிர்ந்த மேட்டுநிலத்திலிருந்து மேற்கே இறங்கி வந்தால், முதுமலைக் காட்டின் ஓரத்தில், வயலும் தேயிலையும் மூங்கிற் புதருமாக விரிந்து கிடக்கும் வயநாட்டு நிலம் இது. ஆனி மாதம் தொடங்கினால் மழை. ஆடி முடிந்தாலும் விட்டபாடில்லை. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினரும், வயநாடன் செட்டிமாரும், கேரளத்திலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்து குடியேறியோரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் இப்பகுதியில் வாழ்கின்றனர். இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான்.

சமூக ஆராய்ச்சி என்பது அரசின் கொள்கையையும், ஆசிரியர், மருத்துவர் முதலியோரின் அன்றாடப் பணியையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்திருக்கின்றனர். பெரிய தலைப்பு. நானோ ஆராய்ச்சியாளன் அல்லன். ஆதலின், எனக்குப் பழக்கமான ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறேன். அது பள்ளியின் வருகைப் பதிவேடு.

நான் பணியிற் சேர்ந்த சில ஆண்டுகளில், 1980-களின் நடுப்பகுதியில், நான்காம் வகுப்பில் பணியர் இனத்துச் சிறுமி ஒருத்தி படித்தாள். கணக்கில் வல்லவள். வெயில் நாள்களில் தவறாமல் வருவாள். மழை தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாள் என்று காணாமற் போவாள். திரும்பி வரும்போது காலைச் சாய்த்து நடந்து வருவாள்; கண்கள் சற்று மஞ்சளித்திருக்கும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால், "கால் கடுத்தது, மாஷே" என்பாள். எங்கள் பக்கத்தில் ஆசிரியரை 'மாஷே' என்று அழைப்பதே வழக்கம். முந்தின நாள் மாலையில் அதே சிறுமி மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடியதை நான் கண்டிருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு மறுநாளே எப்படிக் கால் வலிக்கும்? சாக்கு என்று முடிவு கட்டினேன். பதிவேட்டில் 'காரணமின்றி வரவில்லை' என்று எழுதினேன். ஒரு முறை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்தும் பேசினேன். அடுத்த மழைக் காலத்தில் அவள் தொடர்ந்து வராது போகவே, விதிப்படி அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து நீக்கினேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் படித்த பாடம், பழங்குடிப் பெற்றோருக்குக் கல்வியில் நாட்டம் குறைவு என்று கூறியது. என் பதிவேடு அதனை மெய்ப்பிப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. பதிவேட்டில் அவ்வாறு எழுதியவன் நானே என்பது அப்போது என் நினைவிற்கு எட்டவில்லை.

இச்சிறுமியின் கதை முடியவில்லை. அதற்குத் திரும்பி வருமுன், இந்த மலைகளுக்கு ஆராய்ச்சி வந்த வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் அளவுகோல்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு தென்னாடு முழுவதும் சுற்றினார். மக்களின் மூக்கையும் மண்டையையும் உயரத்தையும் அளந்தார். ரங்காசாரி என்பவரின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அந்நூலின் முன்னுரையில் அவரே ஒரு செய்தியைச் சொல்லுகிறார். வயநாட்டில் அவர் வந்து நின்றதும் பணியப் பெண்கள் அஞ்சி ஓடினார்களாம். தங்களுள் நல்ல தோற்றம் உடையவர்களைப் பிடித்துக்கொண்டு போய், விலங்குகளைப் பாடம் செய்து வைப்பது போல அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்பது அவர்கள் அச்சம்.

தர்ஸ்டன் இதனை வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். நானும் முதன்முறை படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தப் பெண்கள் முழுவதும் தவறாகவா நினைத்தார்கள்? வந்தவர் தேடியது அவர்களுடைய நலத்தை அன்று, அவர்களுடைய அளவுகளை. 'இவர்கள் யார்? எந்த இனம்? எங்கிருந்து வந்தவர்கள்?' என்பவையே அக்காலத்து ஆராய்ச்சியின் கேள்விகள். உழைப்பும் கல்வியும் மிக்க நூல்தான் அது. இன்றும் எடுத்துப் பார்க்கத் தக்கது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு நுணுக்கமாக விடை கண்டாலும், ஒரு பாடிக்குக் குடிநீர்க் கிணறு கிடைக்க வழி பிறவாது. பாடி என்பது பணியரின் குடியிருப்பு.

கிணறு கிடையாதது மட்டுமன்று, தீங்கும் விளைந்தது. மக்களைப் பிறப்பால் வகைப்படுத்தும் அக்காலத்து மனப்போக்கே அரசின் சட்டத்திலும் ஏறிற்று. 1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு குலத்திற் பிறந்ததாலேயே ஒருவன் குற்றவாளியாகக் கருதப்பட்டு, கைரேகை வைக்கவும், இரவில் காவல் நிலையத்தில் தங்கவும் வேண்டியவன் ஆனான். தவறான ஆராய்ச்சியும் அரசாணை ஆகும் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஆராய்ச்சி ஆணையாவதற்கு ஆகும் காலத்தைக் காட்டிலும் அது விரைவாகவே ஆகிவிடுகிறது என்றுகூட எனக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

கேள்வி மெல்ல மாறத் தொடங்கிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாத்தாள்களைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குச் சென்று, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, உணவு எது என்று எழுதி வரச் செய்தார். 1918-இல் அது நூலாயிற்று. அவ்வூர்கள் 1930-களில் மீண்டும் ஆராயப்பட்டன. அதன் பின்னரும் ஆராய்ச்சியாளர் அவ்வூர்களைத் தேடிச் சென்றுகொண்டிருக்கின்றனர். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் செய்த வேலை என்பதற்காகவே இதனை இங்கே குறிப்பிடுகிறேன்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், சென்னை மாகாணப் பழங்குடியினரின் சமூக, பொருளாதார நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை அரசு அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. அதனை எழுதியவர் ஐயப்பன். அவர் யார் தெரியுமா? தர்ஸ்டன் அமர்ந்திருந்த அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர்! இருக்கை அதே, கேள்வி வேறு. 'இவர்கள் யார்?' என்பது போய், 'இவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?' என்பது வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

வாழும் நிலையைக் கேட்டால்தான் வயநாட்டுப் பணியரின் உண்மைத் துயரம் தெரியும். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் நிலக்கிழார் கொடுக்கும் சிறு முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஓராண்டு முழுவதும் அவர் வயலில் உழைக்கக் குடும்பத்தோடு கட்டுப்படுவது அவர்களிடையே நெடுநாள் இருந்த வழக்கம். மண்டையோட்டின் அளவில் இச்செய்தி இராது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் நாடு முழுமைக்கும் வந்தது.

இதற்கிடையே மத்திய அரசு 1960-இல் யு. என். தேபர் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. மறு ஆண்டு அது அறிக்கை தந்தது. பழங்குடியினர் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. அவர்களுள்ளும் மிகக் கீழ்ப்படியில் நிற்போர் உளர். பொதுவாக ஒதுக்கும் பணம் அவர்களைச் சென்று அடைவதில்லை என்பதை அவ்வாணையம் எடுத்துக் காட்டிற்று. அதன் விளைவாக 1975-இல் 52 குழுக்கள் தனியே பிரித்து அறியப்பட்டன. பின்னர் அவை 75 ஆயின. எழுத்தறிவு மிகக் குறைதல், மக்கள்தொகை பெருகாமல் நிற்றல் அல்லது குறைதல், உழவுக்கு முற்பட்ட வாழ்க்கை முறை முதலியவை அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. தமிழ்நாட்டில் இவ்வகையைச் சேர்ந்தவர் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் அறுவர். அறுவரும் நீலகிரியில் வாழ்பவர்கள். 2023 நவம்பரில் இத்தகைய குழுக்களுக்கென்றே வீடு, குடிநீர், சாலை முதலியவற்றுக்காகப் பிரதமரின் ஜன்மன் என்னும் பெருந்திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 1961-இல் ஓர் அறிக்கையில் எழுதிய சில பத்திகள் இத்தனை தொலைவு வந்திருக்கின்றன.

எனினும் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சியாளன் எளிமைக்காக இட்ட பெயர், அலுவலகத்திற் சென்றதும் கல்வெட்டாகிவிடும். 'குறும்பர்' என்று பட்டியலில் ஒரே சொல் இருக்கிறது. எங்கள் பக்கத்து முள்ளுக் குறும்பரும் பெட்டக் குறும்பரும் மொழியாலும் வாழ்க்கை முறையாலும் வெவ்வேறானவர்கள். ஒரே சான்றிதழ், ஒரே தலைப்பு. இவர்களுள் யார் பள்ளிக்கு வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது மொத்தக் கணக்கில் மறைந்து போகும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது புள்ளிவிவரப் படிவங்களை நிரப்புகையில் இது என்னைப் பலமுறை உறுத்தியது. படிவத்தில் இடம் இல்லை. ஆகவே நானும் மொத்தமாகவே எழுதி அனுப்பினேன்.

இனி, நான் பாதியில் விட்ட கதைக்கு வருகிறேன்.

ஹெர்மன் லேமன் என்பவர் ஜெர்மனியிற் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் இங்கிலாந்திற்குச் சென்ற உயிர்வேதியியல் அறிஞர். உலகப் போரின்போது இராணுவ மருத்துவப் பிரிவில் இந்தியாவில் இருந்தவர். பின்னர் ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலும் பணியாற்றியவர். ஆப்பிரிக்கரிடையே அறியப்பட்ட அரிவாள் அணு என்னும் இரத்தக் கூறு, தென்னிந்தியப் பழங்குடியினரிடமும் இருக்குமோ என்று காண அவர் விரும்பினார். மேரி கட்புஷ் என்னும் அறிஞரும் அவரும் சேர்ந்து, நீலகிரி மக்களின் இரத்தத்தைச் சோதித்த முடிவை 1952-இல் இலண்டனிலிருந்து வரும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருளர், பணியர், குறும்பர் முதலியோரிடம் அந்தக் கூறு உண்டு என்பது தெரிந்தது. இந்தியாவில் அரிவாள் அணுவைப் பற்றி வெளிவந்த முதற் செய்திகளுள் அதுவும் ஒன்று.

அரிவாள் அணு என்றால் என்ன? நம் இரத்தத்தின் சிவப்பணு வட்டத் தட்டைப் போன்றது. வளைந்து கொடுக்கக் கூடியது. மயிரிழையினும் நுண்ணிய குழாய்களில் நுழைந்து செல்வது. சிலரிடம், பிராணவாயு குறையும்போது, அது கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடுகிறது. விறைத்த அணுக்கள் குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பிலும் மூட்டிலும் பொறுக்க முடியாத வலி எழும். நல்ல சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இதுவோ இருபது நாளுக்குள் அழியும். அதனால் இரத்தசோகை உண்டாகும், கண் மஞ்சளிக்கும். குளிர், காய்ச்சல், மிகுந்த ஓட்டம், உடலில் நீர் குறைதல் ஆகியவை வலியைத் தூண்டும். வலி வருவதற்கு முந்தைய நாள் பிள்ளை ஓடி விளையாடலாம்.

நான் எதைச் சாக்கு என்று கொண்டேனோ அது ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது.

தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு வந்தால் பிள்ளை நோயாளி ஆவதில்லை. அதனைத் தாங்கிச் செல்பவர் மட்டுமே. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். தாங்கிகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இத்தகைய கூறு ஏன் அழியாமல் நின்றது? 1954-இல் ஆலிசன் என்னும் அறிஞர் ஆப்பிரிக்காவிற் செய்த ஆய்வால் விடை கிடைத்தது. தாங்கிகளை மலேரியா எளிதில் கொல்லுவதில்லை. வயநாட்டுக் காய்ச்சல் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. வெளியார் அஞ்சி நடுங்கிய நிலம் இது. அந்தக் காய்ச்சலுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகப் பழங்குடியினர் வாழ்ந்ததற்கு இந்தக் கூறும் துணை நின்றிருக்கிறது. மலேரியா பெரும்பாலும் ஒழிந்தது. காவலுக்கு வந்தது மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இவ்வளவும் 1954-க்குள் உலகம் அறிந்த செய்தி. நான் அந்தச் சிறுமியின் பெயரை அடித்தது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து. எங்கள் மலையிற் கண்டறிந்த உண்மை, நான் பயின்ற பயிற்சிப் பள்ளிக்கும் வரவில்லை; எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் பின்னர் நெடுநாள் சிந்தித்ததுண்டு. லேமன் கேட்ட கேள்வியும் ஒரு வகையிற் பழைய கேள்வியே: 'இவர்கள் எந்த இனம்? ஆப்பிரிக்கரோடு தொடர்பு உண்டா?' அதற்கு விடை கிடைத்ததும் அறிஞர் உலகிற்கு அந்த அளவில் நிறைவு. 'இந்தக் குழந்தைகள் வலியால் துடிக்கிறார்களா?' என்று யாராவது கேட்டாலன்றி, இதழில் அச்சான எண் பாடிக்கு நடந்து வராது. நான் லேமனைக் குறை கூறவில்லை. அவர் விதைத்தது நல்ல விதை. பயிரிடுவோர் வருவதற்கு நாளாயிற்று.

வந்தார்கள். 1986-இல் கூடலூரில் ஆக்கார்டு என்னும் தொண்டு நிறுவனம் பழங்குடியினரின் நில உரிமைக்காகத் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் மருத்துவர்களும் வந்து சேர்ந்தனர். அவர்கள் முதலிற் செய்தது மருத்துவமனை கட்டுவது அன்று. பாடி பாடியாகச் சென்று, எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, எதனால் இறப்பு என்று கேட்டு எழுதியதும், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றியதுமே. 1990-இல் அஸ்வினி என்னும் பெயரில் பழங்குடியினருக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. 1992-இல் அம்மக்கள் சிறு சந்தா செலுத்தும் மருத்துவக் காப்பீடும் ஏற்பட்டது. நம் நாட்டில் இவ்வகையில் எழுந்த முன்னோடிகளுள் அது ஒன்று. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அதனை ஆராய்ந்து, ஏழைக் குடும்பத்தை மருத்துவச் செலவிலிருந்து இத்தகைய காப்பீடு எந்த அளவிற்குக் காக்கும், எங்கே காக்காது என்று எழுதினர். அரிவாள் அணு நோயாளிகளைக் கண்டறிந்து, பெயர் பதிந்து, தொடர்ந்து பார்த்துவரும் பணியும் அங்கே வேரூன்றியது.

என்னிடம் செய்தி வந்தது ஓர் அறிக்கையாக அன்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மழைக்காலம். சுகாதாரப் பணியாளரான பணியப் பெண் ஒருவர் பள்ளிக்கு வந்தார். அடிக்கடி வராத பிள்ளைகளின் பெயர்கள் வேண்டும் என்றார்.

"எதற்கு அம்மா?" என்று கேட்டேன்.

"மழையிலே வராத பிள்ளைங்க யாருன்னு பார்க்கணும், மாஷே. வெயிலிலே வர்றவங்க, மழையிலே மட்டும் வராதவங்க."

நான் வியந்து போனேன். பதிவேட்டை இப்படிப் படிக்கலாம் என்று எனக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. மொத்த வருகையை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு மேலிடத்திற்கு அனுப்பத்தான் எனக்குத் தெரியும். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஆயினும் மாதவாரியாகப் பார்த்தார். நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டார். அவர்களுள் ஒரு சிறுவனுக்குச் சோதனையில் நோய் இருப்பது தெரிந்தது. அச்சிறுவன், பல ஆண்டுகளுக்கு முன் நான் பெயர் நீக்கிய சிறுமியின் தங்கை மகன்.

"அவள்?" என்று கேட்டேன்.

"அக்கா பிள்ளைப்பேற்றிலே போயிட்டாங்க, மாஷே" என்றார்.

அவளுக்கும் அந்நோய் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவளை யாரும் சோதித்ததில்லை.

அதன் பின் என் பள்ளியில் சில நடைமுறைகளை மாற்றினேன். நோயுள்ள பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் ஓட்டப்பயிற்சி இல்லை. வகுப்பறையிலேயே குடிநீர், கேளாமலே எழுந்து சென்று குடிக்கலாம். நனைந்து வந்தால் மாற்றுத் துணி. காய்ச்சல் கண்டால் காத்திராமல் மருத்துவமனை. விடுப்பு நாள்களில் நடந்த பாடத்தை ஒரு தோழன் எழுதி வைத்துக் கொடுப்பான். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. எந்த ஆணையும் தேவைப்படவில்லை. இவை என் அறிவால் விளைந்தவை என்றும் கொள்ளாதீர்கள். அப்பெண் சொல்லச் சொல்லச் செய்தவை. பதிவேட்டில் 'காரணமின்றி' என்னும் சொல்லை மட்டும் நானாக விலக்கினேன். காரணம் தெரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுமாறு உதவியாசிரியர்களுக்குச் சொன்னேன். ஓர் ஆசிரியர், "இரண்டும் ஒன்றுதானே, சார்?" என்றார். ஒன்றல்ல என்று விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

கூடலூரைப் போலவே நாட்டின் வேறு பல பகுதிகளிலும், தனித்தனியே, மருத்துவர்களும் தொண்டர்களும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்கள் திரண்டு மெல்ல மேலே சென்றன. 2016-இல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், தான் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் அரிவாள் அணு நோயையும் சேர்த்தது. பழங்குடியினரின் உடல்நலத்தை ஆராய்வதற்கென மத்திய அரசு 2013-இல் அமைத்த மருத்துவர் அபய் பங் குழு, 2018-இல் அறிக்கை தந்தது. அதிலும் இந்நோய்க்கு இடம் இருந்தது. 2023 ஜூலை முதல் நாள், மத்தியப் பிரதேசத்து ஷாதோலில், தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். பதினேழு மாநிலங்களில், நாற்பது வயதிற்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் இந்நோயை ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லாமற் செய்வதும் அதன் நோக்கம். 1952-க்கும் 2023-க்கும் இடையே எழுபத்தோர் ஆண்டுகள். ஒரு மனிதனின் முழு ஆயுள்.

திட்டம் வந்துவிட்டது என்று நிறைவு கொள்வதற்கு இல்லை. இப்போதுதான் கவனம் மிகுதியாக வேண்டும். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கின. சோதனைக்கு முன்னும் பின்னும் பொறுமையாக எடுத்துச் சொல்வோர் இல்லை. தாங்கிக்கும் நோயாளிக்கும் வேறுபாடு அறியாதவர்கள், நோயே இல்லாத தாங்கிகளுக்கு வேலையும் காப்பீடும் மறுத்தனர். அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரையில் தாங்கிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உதவ எழுந்த சட்டம் புண்படுத்திற்று. நம் திட்டத்திலும் சோதிக்கப்பட்டவருக்கு அட்டை வழங்கப்படுகிறது. திருமணத்திற்கு முன் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுகிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் மொழியறிந்து, பாடியில் அமர்ந்து விளக்க ஒருவர் இல்லாவிட்டால், அந்த அட்டை ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டிய முத்திரை ஆகிவிடும். பணியப் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டு ஓடியதற்கு நூறாண்டிற்கு மேல் ஆகிறது. சோதனைக் குழாயோடு செல்லும் இன்றைய இளைஞரைக் கண்டு அவர்களின் பேத்திகள் ஓடாமல் நிற்பார்களா என்பது, செல்பவர் என்ன கேட்டுக்கொண்டு செல்கிறார் என்பதைப் பொறுத்தது.

உங்களிற் சிலர் நாளை சமூகவியலும் மருத்துவமும் பயில்வீர்கள். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து ஆணைகளை எழுதுவீர்கள். ஆசிரியராவோரும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வினாத்தாளோடு ஒரு வீட்டு வாசலுக்குப் போகுமுன், அந்த வீட்டார் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று இருந்தால் அது எதுவாக இருக்கும் என்று வழியில் எண்ணிக்கொண்டே செல்லுங்கள். கண்டதை எழுதிய பின், ஒரு படியை அவ்வூர்ப் பள்ளியிலும் வைத்துவிட்டு வாருங்கள். லேமனுடைய கட்டுரையின் ஒரு படி எங்கள் பள்ளி அலமாரியில் இருந்திருந்தால், நான் அதனைப் படித்திருப்பேனோ மாட்டேனோ தெரியாது. இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுவேன்.

ஓய்வு பெற்ற நாளில் பொறுப்பை ஒப்படைக்கும்போது பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தேன். அந்த ஆண்டின் பதிவேடும் இருந்தது; கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். வெயில் மாதங்களில் அவள் பெயருக்கு நேரே வருகைக் குறிகள் ஒழுங்காக நின்றன. ஆனி, ஆடியில் இடைவெளிகள். கீழே சிவப்புக் கோடு. அதன் அருகே என் கையெழுத்து. புதிய தலைமையாசிரியர், இளைஞர், என் அருகில் நின்றார். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி, மாதவாரியாகப் படிக்கச் சொன்னேன்.